காலனி ஆட்சிக் காலத்தில் இந்தியர்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தொடர்பு இருந்ததா?

இருந்தது. இந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் இந்தியாவிலிருந்து ஒட்டகங்களோடு வந்த ஒட்டகக்காரர்களைத்தான் சொல்வார்கள். அவர்கள் மெல்போர்னில் வந்து இறங்கியது 1860-இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வங்காள மாலுமிகள் இந்தக் கரையில் காலொடிய நடந்திருக்கிறார்கள்.

நான் சிட்னியில் வசிக்கிறேன். நகருக்குத் தெற்கே வாட்டமொல்லா என்றொரு சிறு குடா உண்டு. விடுமுறை நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகள் கழியில் நீந்துவார்கள். 1797 மே மாதம் அங்கே கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகு ஒன்றைக் கரையிலிருந்து மூன்று பேர் கைகாட்டி அழைத்தார்கள். நடைப்பிணங்கள் என்றே சொல்லலாம்.

1796 நவம்பரில் கல்கத்தாவின் கேம்பெல் அண்ட் கிளார்க் வணிக நிறுவனம் 'சிட்னி கோவ்' என்ற கப்பலை அனுப்பியது. அரிசி, சர்க்கரை, துணி எல்லாம் ஏற்றினார்கள். ஆனால் ஆசை முழுக்க ஏறத்தாழ 7,000 காலன் ரம் மேல்தான். சிட்னியில் ரம்மே காசாகப் புழங்கிய காலம் அது. ஒழுகிக்கொண்டே வந்த கப்பல் தாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் தரைதட்டியது. மாலுமிகள் கை வைத்துவிடாமலிருக்க ரம்மைப் பக்கத்துத் திட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு இன்றும் ரம் தீவு என்றே பெயர்!

உதவி தேடி 17 பேர் படகில் கிளம்பினார்கள்: ஐந்து ஐரோப்பியர், பன்னிரண்டு லஸ்கர்கள் (ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகள்). இன்றைய விக்டோரியா மாநிலக் கரையில் அந்தப் படகும் உடைந்தது. அங்கிருந்து சிட்னிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் நடை. பழங்குடி மக்கள் மீன் கொடுத்தார்கள், தங்கள் ஓடங்களில் ஆறு கடத்திவிட்டார்கள். ஓரிடத்தில் ஈட்டியும் எறிந்தார்கள். நடக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். வாட்டமொல்லா வரை வந்து சேர்ந்தவர்கள் வணிகர் வில்லியம் கிளார்க், ஒரு வெள்ளை மாலுமி, ஒரு வங்காள லஸ்கர்.

வழியில் அவர்கள் கண்ட நிலக்கரிப் படிவத்தைப் பார்க்கக் கடலோடி ஜார்ஜ் பாஸ் போனார். கிளார்க்கின் நாட்குறிப்பு அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் கல்கத்தா இதழொன்றில் அச்சாகத் தொடங்கிற்று. நிறுவனத்தின் ராபர்ட் கேம்பெல் 1798-இல் சிட்னி வந்து, பின்னர் துறைமுகத்தில் பண்டகசாலைகள் கட்டினார். கான்பராவில் ஒரு புறநகரே அவர் பெயரில் இருக்கிறது. அந்த மூன்றாவது ஆளை நான் படித்த இடங்களிலெல்லாம் 'லஸ்கர்' என்று மட்டுமே குறித்திருக்கிறார்கள்.