கீழே 'நன்றி' போட்டால் போதாதா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வரும் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காகக் கால் பராமரிப்பு பற்றித் தமிழில் சின்னப் புத்தகம் போடுகிறோம். வெளிநாட்டு மருத்துவ இதழிலிருந்து ஒரு படம், உலக சுகாதார நிறுவன வெளியீட்டிலிருந்து இரண்டு பக்கம் எடுத்திருக்கிறோம். அச்சுச் செலவு ஒரு மருந்து கம்பெனியுடையது. இலவசமாகத்தானே கொடுக்கிறோம், 'நன்றி' போட்டால் போதாதா?

பதில்: போதாதுங்க. அதைவிட, மருந்து கம்பெனியை நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலே அங்கேதான் மாறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016 நவம்பர் முதல் தன் வெளியீடுகளைப் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் தருகிறது, அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே கொடுக்கும் அனுமதி. வணிக நோக்கம் இல்லையென்றால் கேட்காமலே மொழிபெயர்க்கலாம்; அவர்கள் லோகோவைப் போடக்கூடாது, மொழிபெயர்ப்பு தங்களுடையதல்ல என்று அவர்கள் தந்திருக்கும் வாசகத்தைச் சேர்க்க வேண்டும், உங்கள் தமிழையும் அதே உரிமத்தில் விட வேண்டும். ஆனால் பின்னட்டையில் மாத்திரை கம்பெனி பெயர் வந்துவிட்டால், நோயாளி காசு கொடுக்காவிட்டாலும் அதை வணிகமில்லை என்று சொல்வது கஷ்டம். அப்போது எழுதிக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதழ்ப் படத்துக்கு, கட்டுரை எழுதிய டாக்டரிடம் கேட்டால் போதும் என்று நினைத்து நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அவர் சந்தோஷமாகச் சரி என்றார், உரிமை பதிப்பகத்திடம் இருந்தது, அச்சான புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அதனால் முதலில் கட்டுரையின் முதல் பக்கத்தில் உரிமம் என்ன என்று பாருங்கள். சிசி பை (CC BY, கிரியேட்டிவ் காமன்ஸில் ஒரு வகை) என்று மட்டும் இருந்தால் மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள்: எந்தப் படம், எந்த மொழி, எத்தனை பிரதி, யார் பணம், அப்புறம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவீர்களா (அனுப்புவீர்கள், எனக்குத் தெரியும்). அச்சுக்கு மட்டும் வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சொந்த ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஊருக்கெல்லாம் கொடுக்கும் புத்தகத்துக்கு அதை நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன். அதே படத்தைப் பார்த்து வரைந்தாலும் சிக்கல்தான், அதிலுள்ள தகவலை உங்கள் வார்த்தையில் எழுதினால் இல்லை.

எனக்கென்னவோ அந்தப் படமே உங்களுக்குத் தேவையில்லை என்று படுகிறது. உங்களிடம் வருகிற ஒருவரிடம் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முகம் தெரியாமல் காலை மட்டும் கிளினிக்கிலேயே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கம்பெனிக்காரரிடம் பேசும்போது அட்டையில் பெயர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.