பயிற்சிக்குப் போன பையனிடம் 2,200 வெள்ளி கேட்கலாமா?

கேள்வி: வணக்கம். என் மகனுக்கு 17 வயது. ஐடிஇ-யில் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறான். பள்ளி ஏற்பாட்டில் காக்கி புக்கிட்டில் ஒரு கார் பட்டறைக்கு ஆறு மாத அட்டாச்மென்ட் (வேலையிடப் பயிற்சி) போயிருக்கிறான். மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அலவன்ஸ். இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி ஒரு வாடிக்கையாளரின் கார் சாவியைக் கொடுத்து, வண்டியை வெளியே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். இவன் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டான். சரிசெய்ய 2,200 வெள்ளியாம். இரண்டு மாத அலவன்ஸைப் பிடித்துக்கொண்டார். மிச்சம் 600 வெள்ளியை நாங்கள் கட்ட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் வந்தால் மணிக்கு 9 வெள்ளி தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார், அதுவும் வரவில்லை. பாதியில் நின்றால் 3,000 வெள்ளி கட்டுவதாக முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எங்களிடம் யாரும் காட்டவில்லை. இப்போது மகன் போகவே மாட்டேன் என்கிறான். வழக்குப் போடலாமா? போன வாரம் விரலை வேறு வெட்டிக்கொண்டு வந்தான். கிளினிக்கில் வீட்டில் நடந்ததாகச் சொல்லச் சொன்னாராம்.
– யீஷூனிலிருந்து ஒரு தாய்

பதில்:

சகோதரி, வழக்கைப் பிறகு பார்ப்போம். தம்பி நாளைக்கும் பட்டறைக்குப் போகட்டும். மருத்துவ விடுப்பு இருந்தால் மட்டும் வீட்டில் இருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், முதலாளி பக்கம் இருக்கும் குறை மறைந்து, ‘பயிற்சியை முடிக்காத மாணவர்’ என்ற குறைதான் மேலே வரும். அட்டாச்மென்ட் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. இடம் மாறுவதென்றால் பள்ளி சம்மதித்த பிறகு மாறலாம். அதுவரை ஒரு நிபந்தனை மட்டும்: இனி எந்த வண்டியின் சாவியையும் தம்பி வாங்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எல்லாரும் பணத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வயதுதான் கண்ணில் பட்டது. சிங்கப்பூரில் கார் ஓட்டப் பழகுவதற்கான உரிமம் வாங்கவே 18 வயது ஆக வேண்டும். ஆகவே உங்கள் மகனிடம் உரிமம் இருக்க வழியே இல்லை. இது முதலாளிக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஐடிஇ மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பவர் வயதைக் கேட்டிருக்க வேண்டும். சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம். உரிமம் இல்லாதவரை ஓட்டவிடுவதும் குற்றம். இரண்டுக்குமே 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆனால் அந்தச் சட்டம் சாலையைப் பற்றியது. பட்டறையின் சுவருக்குள்ளேயே கார் நகர்ந்திருந்தால் நிலைமை வேறு. காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கத்துப் பட்டறைக் கட்டடங்களில் கதவைத் தாண்டினால் எல்லாக் கடைக்கும் பொதுவான பாதை வந்துவிடும். வாடிக்கையாளர்கள் வண்டியோடு ஏறி இறங்கும் இடம் அது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தைச் சட்டம் சாலையாகவே பார்க்கக்கூடும். அந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. எந்த இடம் என்று தெரியும்வரை ‘என் மகன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான்’ என்று வாட்ஸ்அப்பில் யாருக்கும் எழுதாதீர்கள். தம்பியும் ‘என் தவறு, மன்னித்துவிடுங்கள் பாஸ்’ என்று எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் பலர் செய்வது இது: ‘பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்’ என்று முதலாளியை மிரட்டாதீர்கள். நியாயமாக வர வேண்டிய பணத்தைக் கேட்கப்போய் நீங்களே சிக்கிக்கொள்வீர்கள்.

இனி அலவன்ஸ். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பிக் கடையில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். வேலை நியமனச் சட்டம் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கானது. பள்ளி ஏற்பாடு செய்து, என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பள்ளி வகுத்து, பள்ளியே மதிப்பெண் போடும் பயிற்சியை வேலை ஒப்பந்தம் என்று எல்லா நேரத்திலும் சொல்லிவிட முடியாது. தாளில் ‘இன்டர்ன்’ என்று போட்டிருப்பதால் மட்டும் அது முடிவாகாது. நடந்தது என்ன என்றுதான் பார்ப்பார்கள். கற்றுக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தாரா, அல்லது சம்பள மெக்கானிக் செய்கிற வேலையை அதே நேரத்தில் அதே போல இவரும் செய்தாரா? இரண்டாவது என்றால், வேலை ஒப்பந்தம் என்று வாதாட இடமிருக்கிறது.

அந்தச் சட்டம் பொருந்தினால் அந்த முதலாளி செய்தது செல்லாது. பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், முதலில் விசாரித்து, ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சேதம் அவர் தவறால் நேர்ந்திருக்க வேண்டும். அப்போதும் பிடிக்கக்கூடியது ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு வரைதான், அதுவும் ஒரே தடவை. 800 வெள்ளிக்கு அது 200 வெள்ளி. இரண்டு மாதப் பணத்தை முழுசாகப் பிடிக்க எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அந்தச் சட்டம் பொருந்தாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலாளி இஷ்டத்துக்குப் பிடிக்கலாம் என்று ஆகாது. அலவன்ஸ் தருவதாக ஒத்துக்கொண்டவர் அதைத் தர வேண்டும். சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால் தம்பியின் கவனக்குறைவை அவர்தான் நிரூபிக்க வேண்டும். உடனே வரும் கேள்வி: உரிமம் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தது யாருடைய கவனக்குறைவு? கார் வாடிக்கையாளர் பட்டறையை நம்பி விட்டுச்சென்றது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது பட்டறை. அப்படிப்பட்ட இழப்புக்குத்தான் பட்டறைகள் காப்புறுதி எடுத்து வைப்பார்கள். காப்புறுதி நிறுவனத்திடம் போகாமல் ஏன் பயிற்சிப் பையனின் 800 வெள்ளியில் கை வைக்கிறார்? யார் ஓட்டினார் என்று படிவத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் இந்தத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றும்.

18 வயது ஆகாதவர் மேல் நஷ்டஈட்டு வழக்கே போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போடலாம். ஆனால் பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கடன் உங்கள் தலையில் விழாது. அந்த 600 வெள்ளியைக் கட்டாதீர்கள். ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்’ என்றும் சொல்லாதீர்கள், அது பொறுப்பை ஒத்துக்கொண்டதாகப் பேசப்படும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தனிக் கதை, உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவானதும் அதுதான். பள்ளியின் பயிற்சித் திட்டத்துக்கு வெளியே, மணிக்கு 9 வெள்ளி என்று பேசி வாங்கிய வேலை அது. அதைப் பயிற்சி என்று சொல்லி முதலாளி தப்பிப்பது கடினம். பகுதிநேர வேலை ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் செல்லும். வேலை நியமனச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். பள்ளி அங்கீகரித்த பயிற்சிக்குத் தரும் அலவன்ஸுக்கு மத்திய சேம நிதி கட்டத் தேவையில்லை. ஆனால் பள்ளித் தவணை நடக்கும்போது தனியாக வாங்கும் இந்த வேலைக்கு, மாதச் சம்பளம் 50 வெள்ளிக்கு மேல் போனால் முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டும். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு நுழைந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று தம்பி இன்றைக்கே உட்கார்ந்து எழுதட்டும். ‘நாளைக்குக் காலை ஒன்பதுக்கு வா’ என்று முதலாளி அனுப்பிய செய்தி, ஈசிலிங்க் கார்டில் பதிவான பயணங்கள், எல்லாம் சாட்சிதான்.

(800 வெள்ளியே குறைவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். எல்லா வேலைக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இங்கே இல்லை. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.)

அந்த 3,000 வெள்ளித் தாளைப் பார்த்து நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு பயமாகத் தெரியவில்லை. 2009 மார்ச் முதல் சிங்கப்பூரில் ஒப்பந்தம் செய்ய முழுத் தகுதி 18 வயதில் வருகிறது. அதற்குக் குறைந்தவர் வேலைக்கோ பயிற்சிக்கோ ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் அது மொத்தத்தில் அவருக்கு நன்மை தருவதாக இருந்தால்தான் அவருக்கு எதிராகச் செல்லும். சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்லி, அலவன்ஸைப் பிடித்து, போனால் 3,000 கட்டு என்கிற ஏற்பாட்டில் நன்மை எது என்று நீதிபதிக்கு விளக்குவது முதலாளியின் பாடு.

வயதை விடுங்கள், 30 வயதுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கேள்வி இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்டு என்று எழுதி வைக்கும் தொகை, உண்மையில் ஏற்படக்கூடிய இழப்பின் நேர்மையான மதிப்பீடாக இருக்க வேண்டும். ஆளை மிரட்டிப் பிடித்து வைப்பதற்கான தொகை என்றால் அது தண்டம். நீதிமன்றம் அதைச் செயல்படுத்தாது. 2020-இல் டென்கா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பழைய விதியையே உறுதிசெய்தது. இங்கிலாந்து அதைத் தளர்த்திவிட்டது, நாம் தளர்த்தவில்லை. மாதம் 800 வெள்ளி பெறும் மாணவர் போய்விட்டால் ஒரு பட்டறைக்கு 3,000 வெள்ளி நஷ்டம் எங்கிருந்து வரும்? பள்ளியின் சொந்த ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தாள் இருப்பது பள்ளிக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். அதன் படம் தம்பியின் கைபேசியில் இல்லையென்றால், நகல் வேண்டும் என்று பணிவாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே போவது? முதலில் பள்ளிக்கு. அட்டாச்மென்டைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் நேரில் பேசி, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சாவி கொடுத்தது, அலவன்ஸ் நின்றது, 3,000 வெள்ளித் தாள், விரல் காயம், எல்லாம் அதில் வரட்டும். கார் விஷயத்தில் மட்டும் ‘முதலாளி சொல்லித்தான் வண்டியை நகர்த்தினார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வக்கீல் கடிதத்தைவிட இதற்கு வலு அதிகம். அடுத்த ஆண்டும் மாணவர்கள் வேண்டும் என்று நினைக்கிற முதலாளி பள்ளியைப் பகைத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒத்துவராவிட்டால் தம்பிக்கு வேறு இடம் பார்த்துத் தரும்படி பள்ளியிடம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்துக்கு, TADM என்று எல்லாரும் சொல்லும் முத்தரப்புச் சர்ச்சைத் தீர்வு அமைப்பில் புகார் கொடுக்கலாம். முதலில் சமரசப் பேச்சு. முடியாவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். 2017-இல் தொடங்கிய அந்த மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000 வரை. அங்கே வக்கீல் வாதாட அனுமதி இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். வேலையை விட்ட பிறகு ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இன்னும் வேலையில் இருந்தால், பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. அலவன்ஸையும் அதே புகாரில் சேர்த்துக் கேளுங்கள். அது வேலை ஒப்பந்தமா இல்லையா என்ற பேச்சு அங்கேயே நடக்கட்டும். முதலாளியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால் அதைக் கிடப்பில் போடாமல், ப்ரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு எடுத்துப் போங்கள். அந்தத் தூண் எங்கே என்ற கதையையும் அங்கே வக்கீலிடம் நேரில் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, விரல் காயம். இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை அதுதான். தம்பி திரும்பவும் அந்தக் கிளினிக்குக்குப் போய், காயம் பட்டறையில் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லட்டும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவரையும் தொழில் பழகும் ஒப்பந்தத்தில் இருப்பவரையும் காக்கிறது. யார் மேல் தவறு என்று அது பார்ப்பதில்லை. ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து நாளுக்குள். அதைத் தவிர்க்கத்தான் ‘வீட்டில் நடந்தது’ என்று சொல்லச் சொல்கிறார்கள். விரல் சரியாக மடங்காமல் போனால், ‘வீட்டுக் காயம்’ என்று எழுதிய பழைய தாள்தான் உங்களுக்கு எதிராக முதலில் வந்து நிற்கும். இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு எடுத்திருக்கும் விபத்துக் காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்பதையும் அந்த ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். கிளினிக் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.