பன்னிரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு பட்டம் படிக்கலாமா?

கேள்வி: டிப்ளமா முடித்ததுமே வேலைக்கு வந்துவிட்டேன். 12 வருடமாக மென்பொருள் எழுதுகிறேன், இப்போது எட்டுப் பேர் குழுவுக்கு நான்தான் லீட். போன மாதம் ஒரு மீட்டிங்கில், புதிதாகச் சேர்ந்த பெண் என் புரோகிராமைப் பார்த்துவிட்டு, "இது ஓ ஆஃப் என் ஸ்கொயர், டேட்டா கூடினால் தாங்காது சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் படிக்கலாமா? இந்த அனுபவத்துக்கு மேல் அதில் பயன் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேலையை விடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. அது தெரியாது என்பதைக் குழுவின் முன்னால் மறைத்தது அதைவிட உங்களை உறுத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்துப் பட்டத்தை மருந்தாக நினைக்கிறீர்கள். உறுத்தலுக்குப் பட்டம் மருந்தாகாது. பட்டம் வாங்கிய பிறகும் ஏதோ ஒரு மீட்டிங்கில் ஏதோ ஒன்று புரியாமல்தான் போகும்.

அந்தப் பெண் சொன்னதைப் பார்ப்போம். உங்கள் புரோகிராமை நான் பார்க்கவில்லை, ஆனால் வழக்கமாக நடப்பது இது. ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பதிவையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறீர்கள். 1,000 பதிவு என்றால் சுமார் 10 லட்சம் ஒப்பீடு. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், அதனால் சோதனையில் எந்தக் குறையும் தெரியாது. பதிவு 1 லட்சம் ஆகும்போது ஒப்பீடு 1,000 கோடியாகிவிடும். டேட்டா 100 மடங்கு கூடினால் வேலை 10,000 மடங்கு கூடுகிறது. வேலை இப்படிப் பதிவு எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்வதைத்தான் அவர் "ஓ ஆஃப் என் ஸ்கொயர்" என்றார். முதலில் வரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்து நிற்பதை மட்டும் ஒப்பிட்டால், அதே 1 லட்சத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் ஒப்பீட்டில் கதை முடியும். இதைக் கற்றுக்கொள்ள நான்கு வருடம் வேண்டாம். அல்காரிதம், அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை பற்றிய பாடத்தை இரண்டு மூன்று மாதம் தினமும் மாலையில் உட்கார்ந்து, பயிற்சிக் கணக்குகளைக் கையால் போட்டுப் படித்தால் போதும்.

அப்படியானால் பட்டப் படிப்பே வீணா? இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் கிடைப்பது இருபது வயது மாணவருக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்றே நான் நம்புகிறேன். ஒரு உதாரணம். இரண்டு சர்வர்களின் லாகை, அதாவது நடந்ததை நேரத்தோடு அவை எழுதிவைக்கும் குறிப்பை, அருகருகே வைத்துக்கொண்டு, எது முதலில் நடந்தது என்று தெரியாமல் நடு இரவில் விழித்திருப்பீர்கள். கடிகாரங்கள் சில மில்லி செகண்ட் முன்பின்னாக ஓடும், பதில் வந்த நேரம் கேள்வி போன நேரத்துக்கு முந்தியதாகக் காட்டும். கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. கடிகார நேரத்தை நம்பாமல், எந்தச் செய்தி எதற்குக் காரணம் என்பதை வைத்து ஓர் எண் கொடுத்து நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்த அது வழி சொன்னது. மாணவர் அதைத் தேர்வுக்காகப் படிப்பார். நீங்கள் படித்தால் அந்த இரவு நினைவுக்கு வரும், இரண்டாம் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்காருவீர்கள். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பணம் கழிந்த பிழையை ஒருமுறையாவது துரத்தியவருக்கு டேட்டாபேஸ் பாடத்தில், ஒரு வேலை முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது என்று காக்கும் டிரான்சாக்‌ஷன் பகுதியும் அப்படித்தான் இருக்கும். பாடம் புத்தகத்தில் யாருக்கும் கிடைக்கும். அதைத் தேடிப்போகும் கேள்வி அனுபவம் உள்ளவரிடம்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வேலையில் கற்பவர் வேலை கேட்டதை மட்டுமே கற்கிறார். எது விட்டுப்போனது என்பது அவருக்கே தெரியாது, யாராவது மீட்டிங்கில் சொல்லும்வரை. உங்களுக்குப் பிடிக்காத பாடத்தையும் உட்கார்ந்து படிக்கவைக்க, உங்கள் விடையில் எங்கே ஓட்டை என்று ஒருவர் திருத்திக் காட்ட, பாடத்திட்டம் உதவும்.

சம்பளம் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 12 வருடம் வேலை பார்த்தவரிடம் நேர்காணலில் பெரும்பாலும் கடைசியாகச் செய்த வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். பட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டம் இல்லாமல் திறக்காத கதவுகளும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போவது, கல்லூரியில் கற்பிப்பது, சில நாடுகளின் வேலை விசா. ஆனால் அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவில் பட்டத்துக்கு ஈடாக அனுபவத்தை எடுத்துக்கொள்ள ஒரு கணக்கு உண்டு: மூன்று வருட வேலை ஒரு வருடப் படிப்புக்குச் சமம், அதாவது நான்கு வருடப் பட்டத்துக்கு 12 வருடம். அந்த வேலை அந்தத் துறையிலேயே, படித்தவர்களோடு செய்த நிபுணத்துவ வேலை என்று காட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஆசை இந்தக் கதவுகளில் ஒன்று என்றால் யோசிக்காமல் சேருங்கள்.

சேர்வதாக இருந்தால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற வழியாகப் பாருங்கள். முதல் வருடத்தில் லூப் எழுதக் கற்றுக்கொடுத்தால் இரண்டாம் வாரமே சலித்துவிடும், எனவே வேலை அனுபவத்துக்கு எந்தெந்தப் பாடத்தில் விலக்கு தருவார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இளநிலைப் பட்டமே இல்லாமல் முதுநிலைக்குப் போகவும் வழி இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் ஆன்லைனில் நடத்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுநிலைப் படிப்பில் பழைய பட்டம் எதையும் கேட்பதில்லை, தொடக்கப் பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் அதுவே அனுமதி. ஆனால் நீங்கள் போக நினைக்கும் இடம் இளநிலைப் பட்டத்தைத் தனியாகக் கேட்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பம் வாங்கும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, போர்டில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். குழு முழுவதும் இருக்கும்போதே கேளுங்கள். அந்த எட்டுப் பேரில் இன்னும் எத்தனை பேர் உங்களைப் போலவே தலையாட்டினார்களோ.