ஓடையில் தட்டான் பறந்தால் நீராடலாமா?

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆலயத்தின் பின்புறம் ஓடும் ஓடையில் நீராடிய பிறகே தைப்பூசக் காவடி எடுப்பது வழக்கம். மீனும் தட்டானும் இருப்பதால் நீர் நல்லது என்கிறார்கள் பெரியவர்கள். ஓடைப் பூச்சிகளை எண்ணிப் பார்த்து, ‘நீராடத் தகுந்தது’ என்று சான்றிதழ் எழுதித் தருவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஆலயக் குழுச் செயலாளர்)

பதில்: கொடுக்க வேண்டாம். பூச்சிகளைக் கொண்டு ஓடையின் நலத்தை அறிவது நம்பத்தக்க முறைதான். ஆனால் தாங்கள் கேட்கும் கேள்விக்கு அதில் விடை கிடையாது.

தென்னாப்பிரிக்காவில் ‘மினிசாஸ்’ என்னும் எளிய முறை ஒன்று உண்டு. ஓடைக் கற்களைக் கலைத்து, வலையில் அகப்படும் சிற்றுயிர்களை 13 வகைகளாகப் பிரித்து, அகப்பட்ட ஒவ்வொரு வகைக்கும் உரிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி காண்பார்கள். மாசைப் பொறுக்காத ஸ்டோன்ஃபிளை என்னும் ஓடைப் பூச்சியின் இளம்பருவத்துக்கு 17. எந்தச் சேற்றிலும் பிழைக்கும் புழுவுக்கு 2. இவ்வுயிர்கள் வாரக்கணக்கில் நீரிலேயே வாழ்வதால், ஒரு நாள் எடுத்த நீரில் தெரியாத பழைய கழிவுக் கசிவையும் காட்டிக்கொடுக்கும். நேற்றிரவு உடைந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து வந்த கிருமியை அவை காட்டமாட்டா. மீனை நம்புவது இன்னும் பெரிய தவறு. பார்பல் என்று இங்கே சொல்லப்படும் கெளுத்தி காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லது. ஆகவே அது துள்ளுவதைக் கண்டு நீர் தூயது என்று கொள்ள இயலாது.

தங்களுக்கு வேண்டிய சாட்சி ஈ.கோலை என்னும் நுண்ணுயிர். அதன் பெரும்பாலான வகைகள் தம்மளவில் தீங்கற்றவை. ஆயினும் அது இருப்பது, மலக்கழிவு கலந்திருக்கிறது என்பதற்கு வலுவான அடையாளம். முழுக உகந்த நீரில் 100 மில்லி லிட்டருக்கு 130க்கு மேல் அது இருக்கலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டி நெறி. கண்ணால் எண்ணக்கூடியது அன்று. ஆய்வகத்துக்கே செல்ல வேண்டும்.

சான்றிதழ்க்காரர்களை விட ஆபத்தானவர்கள், கையில் மீட்டருடன் வருகிறவர்கள். அந்த மீட்டர் நீரில் கரைந்த உப்பை மட்டுமே அளக்கிறது. வேறு சிலர் இரும்புக் கம்பிகளை நீரில் இறக்கி மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாகத் திரள்வதைக் காட்டி ‘அழுக்கு’ என்கிறார்கள். அது கம்பியின் இரும்பு கரைந்து உண்டான துரு. நல்ல குழாய் நீரிலும் அப்படியே வரும். அவர்கள் விற்க வந்தது வடிகட்டி. பக்தர்களின் காணிக்கைப் பணத்தை இவர்களிடம் இழக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைத் தாங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தைப்பூசம் இங்கே கோடை மழைக்காலத்தில் வருகிறது. பெருமழையில் ஓடை புரண்டு ஓடினால் கற்களோடு பூச்சிகளும் அடித்துச் செல்லப்படும். அவை திரும்பிக் குடியேறச் சில வாரங்களாவது ஆகும். அந்த நாள்களில் வலை வெறுமையாக வந்தால் ஓடை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. தூய மலையோடைக்கும் அதே நிலைதான். அதே மழையில் தெருக்கழிவும் நிரம்பி வழியும் சாக்கடையும் ஓடைக்கு வருவதால் ஈ.கோலை ஏறிவிடும். ஆகவே மாதிரி எடுத்த பின் கனமழை பெய்தால் அந்த முடிவை ஒதுக்கிவிட்டு மீண்டும் எடுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து கடற்கரைகள் மூடப்பட்டதை அனைவரும் அறிவோம். அலைச்சறுக்குக்கு வருபவருக்கு அறிவிப்புப் பலகை வைக்க முடிகிறது. குழந்தைகள் விளையாடும் குடியிருப்பு ஓடைக்கு ஒரு பலகை வைக்க ஏன் முடிவதில்லை? கழிவுநீர் வழிவதாகப் புகார் சொன்னால் எண் ஒன்று தருகிறார்கள், பழுது பார்க்க ஆள் வருவதில்லை. அந்த எண்ணையும் தேதியையும் விடாமல் குறித்து வையுங்கள்.

விழாவுக்கு முந்தைய வாரத்தில், ‘சானாஸ்’ என்னும் தேசிய தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்தே கிருமி நீக்கிய புட்டியை வாங்கி, பக்தர்கள் இறங்கும் இடத்தில் நீர் மொண்டு, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். முடிவு வர ஒரு நாளாவது ஆகும். அது பாதகமாக இருந்தாலும், உரிய நேரத்தில் வராவிட்டாலும், குழாய் நீரைக் குடங்களில் கொணர்ந்து கரையிலேயே நீராடச் செய்யுங்கள்.

முடிவு சாதகமாக இருந்தாலும் தேங்கிய நீரிலும் நாணல் ஓரத்திலும் எவரையும் இறக்காதீர்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பில்ஹார்சியா என்னும் புழுநோய் பரவும் ஓடைகள் உண்டு. அங்குள்ள சில நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். ஈ.கோலை சோதனை அதைக் காட்டாது. நீராடியவருக்குச் சில மாதங்கள் கழித்துச் சிறுநீரில் இரத்தம் கண்டால், ஓடையில் இறங்கிய செய்தியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மாத்திரை இருக்கிறது.