நோட்டு திருத்தும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, செட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வு) தேறியிருக்கிறேன். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் (நிரந்தரம் இல்லாத ஆசிரியர்) வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். சேரலாமா?
வாசகி, நீடாமங்கலம்

சேருங்கள் அம்மா, ஆனால் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள். வருடத்தில் 11 மாதம்தான் ஊதியம், மே மாதம் கைக்கு ஒன்றும் வராது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2019-இல் சொன்னது. நான் இந்த வேலையில் இருந்த 14 வருடத்தில் அதில் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. ஒரு கல்லூரியில் மூன்று மாதச் சம்பளம் மொத்தமாகத் தீபாவளிக்கு முந்தின நாள்தான் வந்தது, அதுவரை வீட்டுக்காரர் சம்பளத்தில்தான் ஓட்டினோம்.

உங்கள் வீட்டார் கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது, அதுதான் நோட்டு. பகுதி 2 என்கிற பொது ஆங்கிலப் பாடம் வணிகவியல், வரலாறு, கணிதம் என்று எல்லோருக்கும் உண்டு. வகுப்புக்கு 60 பேர், மூன்று வகுப்பு, வாரம் ஆளுக்கு ஒரு பத்தி என்றால் 180 நோட்டு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் 9 மணி நேரம். அதற்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் பலரும் கைடைப் பார்த்து எழுதச் சொல்லி டிக் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் அந்த 9 மணி நேரம்தான் வேலையே.

திருவாரூர் பக்கத்துப் பையன் ஒருவன் 'என் நண்பன்' என்று கைடில் இருந்ததை வரி பிசகாமல் எழுதி வந்தான். அதை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய், அதை எழுது என்றேன். 'மை ஃபாதர் நைட் டூ ஓ கிளாக் மடை ஓப்பன்' என்று ஆரம்பித்து, முறைத் தண்ணீர் வந்தது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தது, விடிய விடிய வரப்பில் உட்கார்ந்திருந்தது என்று ஒரு பக்கம். வினைச்சொல் நம் தமிழில் போலவே கடைசியில் நிற்கிறது, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'தி'யும் (the) 'அ'வும் (a) நம்மிடம் இல்லாததால் அவனிடமும் இல்லை. ஆனால் எனக்கு எல்லாமே புரிந்தது! பக்கம் முழுக்கச் சிவப்பு மை போட்டிருந்தால் அடுத்த வாரம் கைடுக்கே போயிருப்பான். 'ஓப்பன்' என்பதை 'ஓப்பன்ட்' ஆக்கி ஃபாதருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன், அன்றைக்கு அவ்வளவுதான். மடைக்கு என்ன வார்த்தை என்று அவனே கேட்டான், ஸ்லூஸ் என்றேன். சம்பா நடவு முடிவதற்குள் நாற்றங்காலுக்கும் களைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அப்புறம், நடவு, அறுவடை நாட்களில் வகுப்பு பாதி காலியாக இருக்கும். திட்டாதீர்கள், திரும்பி வந்ததும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலம் நடத்துபவர்களுக்காவது நிலைமை நன்றாக இருக்குமா?
வாசகர், பட்டுக்கோட்டை

அவை பெரும்பாலும் இரண்டு வருடக் கல்லூரிகள், அநேகமாக யார் வேண்டுமானாலும் சேரலாம். இல்லினாயில் ஜோலியட் கல்லூரி 1901-இலேயே தொடங்கிவிட்டது. அங்கேயும் பகுதிநேர ஆசிரியர்கள் ஏராளம். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, காரில் இரண்டு மூன்று கல்லூரிக்கு ஓடுகிறார்கள். கட்டுரை திருத்துவது அங்கேயும் ராத்திரியில், வீட்டில்தான்.

கேள்வி: ராமானுஜனே ஆங்கிலத்தில் தோற்றவர்தானே, நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்?
கணித மாணவர், கும்பகோணம்

உண்மைதான் தம்பி. 1904-இல் உங்கள் ஊர் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தேறாமல் அந்தத் தொகையை இழந்தார். ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு, அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு, அவர் பெயரில் போன கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது, ஏனென்றால் அவரிடம் சொல்ல விஷயம் இருந்தது. உங்களிடமும் இருக்கும். ஒரு கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி, நான் திருத்தி அனுப்புகிறேன்.