வாசகர் கேள்வி – பதில்: ஓலைக் குடிலும் ஏழு விருந்தினரும்

கேள்வி: யூதர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் தழை வேய்ந்த குடிலில் தங்குவதாகப் படித்தேன். பனையோலைக் கொட்டகைகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு இது ஆவலைத் தூண்டுகிறது. இது வெறும் அறுவடை விழாதானா, கபாலா என்னும் யூத மறைஞான மரபில் வேறு பொருள் உண்டா? எங்கள் ஓலைக் கூரை அதற்கு ஆகுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது சுக்கோத் பண்டிகை. திஷ்ரி மாதம் 15ஆம் நாள், பெரும்பாலும் நம் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். அது அறுவடை விழாவும்தான். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதன் நினைவும்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோகார் என்னும் கபாலா நூல், இவற்றை மறுக்காமலே, அக்குடிலை நம்பிக்கையின் நிழல் என்று அழைத்து, அதற்குள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகிய எழுவரும் விருந்தினராக வருவதாகச் சொல்கிறது. எல்லையற்ற இறைவன் செஃபிரோத் எனப்படும் பத்து இறைப் பண்புகள் வழியாக வெளிப்படுகிறான் என்பது கபாலாவின் அடிப்படை. அவற்றுள் கீழுள்ள ஏழின் உருவங்களே இவர்கள். ஆபிரகாம் அருள், ஈசாக்கு கண்டிப்பு, யாக்கோபு அவ்விரண்டையும் இணைக்கும் அழகு என்று தொடங்கி, தாவீதின் அரசாட்சியில் அந்த வரிசை முடிகிறது.

இப்பண்டிகையில் கையில் ஏந்தும் தாவரங்களிலும் அதே ஏழின் கணக்குதான்: மிருதுச்செடிக் கொம்பு 3, ஆற்றலரிக் கொம்பு 2, பேரீச்சையின் விரியாத குருத்தோலை 1, எத்ரோக் என்னும் நாரத்தை வகைக் கனி 1.

இந்தப் பொருத்தங்களை வியந்து பேசுவோர் பலர் சோகார் அடுத்துச் சொல்வதைக் கவனிப்பதில்லை. விருந்தினருக்குரிய பங்கு ஏழைகளைச் சேர வேண்டும். அதைக் கொடுக்காமல் அழைப்பு மட்டும் விடுத்தவனின் பந்தியிலிருந்து எழுவரும் எழுந்து போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், பண்டிகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் பனையோலை, மண்ணிலிருந்து வெட்டப்பட்ட தாவரம் என்பதால், பொருளளவில் ஆகும். ஆனால் ஐப்பசி மழைக்கு அஞ்சி நாம் அடுக்கடுக்காக வேய்வதுபோல் வேய்ந்தால் ஆகாது. உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், இரவில் இடுக்கு வழியே விண்மீனும் தெரிய வேண்டும். சோற்றைக் கெடுக்குமளவு மழை இறங்கினால் வீட்டுக்குள் போய்விடலாம்.

கேள்வி: மற்றப் பண்டிகைகளிலும் இந்த ஏழு உண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: உண்டு. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாள்களை எண்ணுகிறார்கள். ஏழு செஃபிரோத்தில் ஒவ்வொன்றும் அந்த ஏழையும் தன்னுள் கொண்டிருப்பதாகக் கருதி, நாளுக்கு ஒரு குணத்தைச் சீர்செய்வது கபாலா வழக்கம். 50ஆம் நாளான ஷாவுவோத் பண்டிகையின் இரவில் விடியும்வரை மறைநூல் ஓதுவதும் கபாலாவாதிகளால் பரவியதே.