ஏழு நாளில் உலகம் முடிகிறது, இவன் இன்னும் கடலையே பார்க்கிறான்

கொரியத் தொடர்கள்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றி. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது, ஏழு நாள்தான் பாக்கி. ஒரே பள்ளியில் படித்துப் பிரிந்துபோன இரண்டு பையன்கள், மூத்தவனுக்கு இப்போது 29 வயது, ஒரு கடலோர ஊரில் மறுபடி சந்திக்கிறார்கள். ஒருவன்மேல் ஒருவனுக்குக் காதல். மொத்தம் 8 எபிசோடு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குள். தொடரின் பெயரை எழுதப்போவதில்லை. நடித்த இருவரும் புதுமுகங்கள், குற்றம் அவர்கள் மேல் இல்லை. பார்த்து ஏமாந்தவர்களுக்கு எது என்று தெரியும்.

“டிரெய்லரைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். ராத்திரி விழித்திருந்து 8 எபிசோடும் முடித்தேன். காலையில் இட்லி ஊற்றும்போது யோசித்தால் ஒரு காட்சிகூட நினைவில் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, அக்கா?” (வாசகி, திண்டுக்கல்)

வயதானது எனக்கு, உங்களுக்கு இல்லை. எனக்கும் நினைவில் இல்லை. நல்லவேளை, 33 வருடம் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த பழக்கத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன். முதல் மூன்று எபிசோடில் நாயகன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சிகள் 11. இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒருவரிடம் ஒருவர் பேசும் காட்சிகள் 4. அதிலும் ஒன்று, “குடை இருக்கா?”

ஏழு நாளில் செத்துப்போகப்போகிறவன் ஆறு நாள் பேசாமல் இருக்கிறான் என்றால், பேச விடாமல் எது தடுக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். அதைத் தொடர் சொல்லவே இல்லை. பள்ளியில் ஏதோ நடந்தது, மழை பெய்தது, ஒருவன் பேருந்தில் ஏறிப் போனான். அவ்வளவுதான். கொரியாவில் இரண்டு ஆண்கள் காதலை மறைத்து வைக்கக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும் அப்பா அம்மா, தேவாலயம், வேலை செய்யும் இடம், ஆண்பிள்ளைகள் எல்லோரும் போயே தீர வேண்டிய ராணுவம், எதையாவது ஒன்றைப் பிடித்திருக்கலாம். எதையும் தொடவில்லை. இந்தப் பையன்கள் வாழும் ஊரில் யாருக்கும் இவர்களைப் பற்றிக் கவலையே இல்லை, ஆனால் இவர்கள் மட்டும் பயந்து பயந்து நிற்கிறார்கள். அப்புறம் விண்கல் எதற்கு?

ஐந்தாவது எபிசோடில் ஒரே ஒரு காட்சி உண்டு. ஒரு நிமிடம்கூட இருக்காது. இளையவனுக்கு அம்மா போன் செய்கிறாள். வீட்டுக்கு வா என்கிறாள். “நண்பன் கூட இருக்கேன்மா” என்கிறான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, “அவனையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் குழம்பு வெச்சிருக்கேன்” என்கிறாள். எத்தனை வருடமாகத் தெரியும் அந்த அம்மாவுக்கு? எத்தனை பெண்களின் போட்டோவைக் காட்டியிருப்பாள்? உலகமே முடியும்போது இனி எந்தப் பெண்ணைப் பார்ப்பது என்று குழம்பு வைத்துவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போதுதான் கதை தொடங்குகிறது என்று அண்ணன் மகளிடம்கூடச் சொன்னேன். அடுத்த காட்சியில் இரண்டு பேரும் மறுபடி கடற்கரையில், ஸ்லோ மோஷனில். அந்த வீட்டுக்குக் கடைசிவரை போகவே இல்லை. குழம்பு என்ன ஆனதோ.

“விண்கல் விழப்போகிறது என்கிறார்கள், தெருவில் ஒரு குப்பை இல்லை, கடையில் பால் பாக்கெட் அடுக்கி வைத்தபடி இருக்கிறது. காசு இல்லையா அல்லது அக்கறை இல்லையா?” (வாசகர், கோவை)

இந்த வகைத் தொடர்களுக்குப் பணம் எப்போதும் குறைவுதான். பிஎல் என்று ரசிகர்கள் சொல்லும் ஆண்–ஆண் காதல் கதைகள் கொரியாவில் வெப் தொடராகக் காலூன்றியது 2020-ல், ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’ வந்தபோது. பத்து, பதினைந்து நிமிட எபிசோடுகள் எட்டு. ஒரு பள்ளிக்கூடம், ஒரு வீடு, கையளவு நடிகர்கள். அதை இயக்கிய ஹ்வாங் தா-சுல் அடுத்த வருடம் எடுத்த ‘டு மை ஸ்டார்’ தொடரில் ஒரு நடிகனையும் ஒரு சமையல்காரனையும் ஒரே வீட்டில் விட்டார். பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்தான் கதை. காசு இல்லாததே தெரியவில்லை.

மறுபக்கம் பாருங்கள். 2024 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் ‘குட்பை எர்த்’ வந்தது. ஜப்பானிய எழுத்தாளர் இசாகா கோதாரோவின் கதையைத் தழுவியது, 12 எபிசோடு, இதே விண்கல், 200 நாள் கெடு. காதல் கதை இல்லை, ஊர்க் கதை. அதில் கலவரம் உண்டு, பதுக்கல் உண்டு, ராணுவம் உண்டு. காலத்தை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டதில் எனக்குத் தலை சுற்றியது, பாதியில் ஒரு வாரம் நிறுத்தி வைத்துத்தான் முடித்தேன். அதற்குப் பணம் இருந்தது. ஆக, பால் பாக்கெட்டை நான் மன்னித்துவிடுகிறேன்.

“நாலாவது எபிசோடில் மூத்தவன், ‘இனிமேல் சௌகரியமாகப் பேசு’ என்கிறான். இளையவன் கண் கலங்குகிறான். இதில் அழ என்ன இருக்கிறது?” (வாசகி, தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் முழுசாகத் தொலைந்துபோகும்.

கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு ஒன்று, நெருக்கமான பேச்சு ஒன்று. முன்னதை ஜோந்தேமால் என்பார்கள், பின்னதைப் பன்மால். வினைச்சொல்லின் கடைசி அசையே மாறிவிடும். ஒரு வயது வித்தியாசம் இருந்தால்கூட இளையவன் மரியாதையாகத்தான் பேச வேண்டும். மூத்தவன் அனுமதி கொடுத்தால் இறங்கி வரலாம். அதற்கு அவர்கள் சொல்வது ‘மால் நோதா’, அதாவது பேச்சைக் கீழே இறக்கி வைப்பது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘யூ’. தமிழ்க்காரர்களான நமக்கு இது ஒரு நொடியில் புரியும். வருடக்கணக்கில் “நீங்க, வாங்க, சொல்லுங்க” என்று இருந்த ஒருவர் திடீரென்று “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டால் நமக்கு வயிற்றில் என்ன செய்யும்? அதுதான் அந்தப் பையனுக்கும்.

‘ஹியோங்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு ஆண் தன்னைவிட மூத்த ஆணை அழைப்பது, நம் ‘அண்ணா’ போல. கூடப்பிறந்தவனுக்கும் அதுதான், கல்லூரி சீனியருக்கும் அதுதான், காதலனுக்கும் அதுதான். எந்தக் குரலில் சொல்கிறான் என்பதை வைத்து உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். சப்டைட்டில் அதை எடுத்துவிட்டு அங்கே பெயரைப் போட்டுவிடும். இந்தத் தொடரைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே பெரிய பாராட்டு இதுதான்: இளையவன் முதல் முறை பன்மாலில் பேசும்போது பாதி வாக்கியத்தில் பழைய மரியாதைக்குத் திரும்பிப்போய், மறுபடி இறங்கி வருகிறான். எழுதி வைத்ததா, அந்தப் பையனாகச் செய்ததா தெரியாது. அருமை.

“‘நாளையே உலகம் அழிந்தாலும் இன்று ஓர் ஆப்பிள் மரம் நடுவேன்’ என்று ஸ்பினோசா சொன்னதாக ஒரு வசனம். உண்மையா?” (ஆசிரியர், பெரம்பலூர்)

கொரியாவில் இதை ஸ்பினோசா சொன்னதாகத்தான் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஜெர்மனியில் போய்க் கேட்டால் மார்ட்டின் லூதர் என்பார்கள். இருவருடைய எழுத்திலும் இது இல்லை. ஜெர்மனியில் 1944-ல்தான் முதன்முதலாக எழுத்தில் தென்படுகிறது, லூதர் பெயரில். லூதர் இறந்தது 1546-ல். கொரியாவுக்குப் போகும் வழியில் ஸ்பினோசா எப்படித் தொற்றிக்கொண்டாரோ.

தொடரில் அதைச் சொல்லிவிட்டு நிஜமாகவே ஒரு கன்றை நடுகிறார்கள். கடற்கரை மணலில். ஆப்பிள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“கொரியர்களுக்கு உலகம் அழிவதில் அப்படி என்ன ஆசை?” (வாசகர், புதுச்சேரி)

ஆசை எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் அவர்களுக்கு ஒரு தேதியே உண்டு. 1992 அக்டோபர் 28. அன்று நள்ளிரவில் விசுவாசிகள் மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று தாமி மிஷன் என்ற சபை பிரசாரம் செய்தது. வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் எல்லாம் உண்டு. அன்று ராத்திரி சியோலில் உள்ள அவர்களுடைய சபைக்கு வெளியே போலீஸும் பத்திரிகைக்காரர்களும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கு முந்தைய மாதமே அந்தச் சபையின் தலைவர் லீ ஜாங்-ரிம் மோசடி வழக்கில் கைதாகியிருந்தார். அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்வது அடுத்த ஆண்டு மே மாதத்தில். இதை வைத்து ஒரு தொடர் எடுங்கள், நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

“இரண்டு ஆண்கள் கைகோத்துத் தெருவில் நடக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிஜக் கொரியா இப்படியா?” (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இல்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வது சாதாரணக் குடிமக்களுக்குக் குற்றம் இல்லை, ஆனால் ராணுவச் சட்டத்தின் 92-6 பிரிவு வீரர்களுக்கு இரண்டு வருடம் வரை சிறை வைக்கிறது. பணியில் இல்லாத நேரத்தில், முகாமுக்கு வெளியே, இருவர் சம்மதத்தோடு நடந்தால் தண்டிக்க முடியாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2023 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்ய மறுத்துவிட்டது.

கல்யாணம்? 2013 செப்டம்பரில் இயக்குநர் கிம் ஜோ குவாங்-சூ தன் துணைவரைச் சியோலின் நடுவில் ஓடும் சோங்யேச்சோன் ஓடைக்கரையில் ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டார். பதிவு செய்யப் போனால் அலுவலகம் மறுத்தது, 2016-ல் நீதிமன்றமும் மறுத்தது. அவர் சும்மா இருக்கவில்லை, 2022-ல் ‘தி நியூ எம்ப்ளாயி’ என்று ஓர் அலுவலகக் காதல் தொடர் எடுத்தார். 2024 ஜூலை 18-ல்தான் முதல் கதவு கொஞ்சம் திறந்தது. ஓர் ஆணின் துணைவரான இன்னோர் ஆணுக்குத் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்பவர் என்ற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு காப்பீட்டு அட்டைக்காக மூன்று வருடத்துக்கு மேல் வழக்கு.

தம்பி, நான் கேட்பது இதைத்தான். மூன்று வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் வாழும் நாட்டில் ஏழு நாள் கெடு வைத்துக் கதை சொல்கிறவர், கல்யாணத்தைப் பதிய மறுத்த அந்த ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒருமுறை கேமராவைத் திருப்பியிருக்கலாம். ஆறாம் நாள், யாருமே இல்லாத பதிவு அலுவலகத்தில் புகுந்து இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே முத்திரை குத்திக்கொள்வதாக ஒரு காட்சி. எனக்கே தோன்றுகிறது.

“ஏன் எப்போது பார்த்தாலும் ராம்யோன் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள்?” (வாசகி, சேலம்)

“ராம்யோன் சாப்பிட்டுப் போறியா?” என்றால் இன்று ராத்திரி இங்கேயே தங்கு என்று அர்த்தம். 2001-ல் ஹோ ஜின்-ஹோ இயக்கிய ஒரு படத்தில் நாயகி “ராம்யோன் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டதில் தொடங்கியது, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நம் தொடரில் நிஜமாகவே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவித் தூங்கிவிட்டார்கள்.

“சரி, இதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது?” (பலர்)

அதே ஹோ ஜின்-ஹோவும் இன்னும் மூவரும் சேர்ந்து இயக்கிய ‘லவ் இன் த பிக் சிட்டி’, 2024, 8 எபிசோடு. பார்க் சாங்-யங்கின் நாவலிலிருந்து வந்தது. அதில் அம்மா உண்டு, புற்றுநோய் உண்டு, தேவாலயம் உண்டு, மறைப்பதற்குக் காரணம் உண்டு. சும்மா சிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 2022-ல் வந்த ‘செமான்டிக் எரர்’. கம்ப்யூட்டர் படிக்கும் விறைப்பான மாணவன் ஒருவனும் டிசைன் படிக்கும் சீனியரும். அதில் சீனியராக நடித்த பார்க் சோ-ஹாம், தொடர் ஓடிக்கொண்டிருந்த அந்த மார்ச்சிலேயே கட்டாயச் சேவைக்குப் போய்விட்டார். ரசிகைகளுக்கு அதுதான் உலக முடிவு. ‘தி எய்த் சென்ஸ்’, 2023. ராணுவத்திலிருந்து திரும்பிய மாணவன் ஒருவனும் கடலலைச் சறுக்கு கிளப்பில் சேரும் ஜூனியரும். அதிலும் கடல் உண்டு, ஆனால் இறங்குகிறார்கள்.

“கடைசியில் திரை வெள்ளையாகிறது. விண்கல் விழுந்ததா, இல்லையா?” (வாசகர், நாகர்கோவில்)

எங்கள் வீட்டில் வேறு மாதிரி முடிந்தது. கடைசி எபிசோடில் இளையவன், “அம்மா இன்னும் காத்துக்கிட்டு இருப்பாங்க” என்று சொல்லி எழுந்து நிற்கிறான். மூத்தவனும் எழுகிறான். அந்த நொடியில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மோடமும் அணைந்தது, திரையில் படம் நின்றது. அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டு நானும் அண்ணன் மகளும் இருட்டில் உட்கார்ந்து அழுதோம். எட்டு எபிசோடுக்கும் சேர்த்து அழுதோம். அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் பார்த்தால் இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. இருவரும் மறுபடி கடலுக்குத்தான் போனார்கள்.